மக்காச்சோளம் எடுத்த காட்டில் வெங்காயம் ஊன்றும் முன்

பல்லடம், உடுமலைப் பக்கம் கோழித்தீவனத்துக்கு மக்காச்சோளம் எடுத்த காட்டிலேயே அடுத்த பட்டத்துக்குச் சின்ன வெங்காயம் ஊன்றுகிறார்கள். மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் என்ற களைக்கொல்லி மண்ணில் மிச்சமிருந்தால் வெங்காயம் கெடும். ஊன்றிய காய் நன்றாகவே முளைக்கும். அதற்குள் இருக்கும் சத்து தீர்ந்த பிறகுதான் தாள் நுனியிலிருந்து வெளுத்துக் காயும். திருகல் நோய் என்று மருந்தடிப்பார்கள், சத்துக் குறைவு என்று யூரியா போடுவார்கள். முதலில் பாதிப்பு எந்த வாக்கில் ஓடுகிறது என்று பாருங்கள். நோய் திட்டுத்திட்டாக வரும். களைக்கொல்லி, தெளித்தவர் நடந்த வாக்கில் பட்டை பட்டையாகக் காட்டும். ஸ்பிரேயரோடு திரும்பிய வரப்போரத்தில் இரட்டிப்பாக விழுந்திருக்கும். அங்கேதான் பயிர் முதலில் போகும்.

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் 50 சதத் தூள் ஏக்கருக்கு 400 முதல் 800 கிராம் வரை போடுகிறோம். அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்களுக்கு ஈரம் வேண்டும். ஆகவே தெளித்து எத்தனை மாதம் என்ற கணக்கு மட்டும் போதாது. சொட்டுநீர்க் காட்டில் குழாயோரம்தான் நனைகிறது. காய்ந்து கிடக்கும் இடைவெளியில் மருந்தும் அப்படியே கிடக்கிறது. சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண்ணில் இன்னும் அதிக நாள் தங்கும்.

ஊன்றுவதற்கு ஒரு மாதம் முன்பே சோதித்துவிடலாம். பத்து இடத்தில் அரையடி ஆழம் வரை மண் எடுத்துக் கலக்குங்கள். வரப்போர மண்ணைத் தனியாக வையுங்கள். மருந்தே படாத அதே வகை மண்ணும் வேண்டும், ஒப்பிட வேறு வழியில்லை. ஒவ்வொன்றிலும் மூன்று கப், கப்புக்கு நாலைந்து வெள்ளரி விதை. நல்ல வெயிலில் வைக்க வேண்டும்: அட்ரசின் ஒளிச்சேர்க்கையைத்தான் தடுக்கிறது, நிழலில் வைத்தால் சேதம் சரியாகத் தெரியாது. தண்ணீர் அடியில் ஒழுகும்படி ஊற்றினால் மருந்தும் கூடவே இறங்கிவிடும், முடிவு பொய்யாகும். மூன்று வாரம் பொறுங்கள். விதையிலை பச்சையாக இருப்பதை நம்ப வேண்டாம். அடுத்து வரும் இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் காய்கிறதா என்பதே கேள்வி.

காய்ந்தால் அந்தப் பட்டம் வெங்காயம் வேண்டாம். ஏக்கருக்கு 5 டன் மக்கிய தொழுவுரம் போட்டு உழுது, காடு முழுக்க நனையும்படி தண்ணீர் கட்டித் தீவனச் சோளம் விதைக்கலாம். சோளம் அட்ரசினைத் தன் உடம்பிலேயே சிதைத்துக்கொள்ளும், மாட்டுக்குத் தட்டும் ஆகும். அறுத்த பிறகு மறுபடி கப் வைத்துப் பாருங்கள். தட்டைப்பயறோ உளுந்தோ ஊடுபயிராக வரும் மக்காச்சோளத்துக்கு அட்ரசினே ஆகாது.