முதல் கோடு போடுவதற்கு முன்: ஒரு பள்ளி வளாகத்தைத் திட்டமிட்ட அனுபவம்

மூன்றாம் ஆண்டு கட்டடக்கலை ஸ்டூடியோவில் எங்கள் குழுவுக்குக் கிடைத்த பணி, 600 மாணவர்கள் படிக்கும் ஒரு பள்ளி வளாகத்தைத் திட்டமிடுவது. ஆறு பேர், 14 வாரம். வடிவமைப்புச் சிந்தனை (design thinking) முறையில்தான், அதாவது பயன்படுத்துபவர்களைக் கவனித்து அதிலிருந்து வடிவமைக்கும் முறையில்தான், செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. இதே மாதிரிப் பணியை எடுக்கப் போகிறவர்களுக்கும், தாங்கள் படிக்கும் வளாகத்தையே மாற்றி யோசித்துப் பார்க்க நினைக்கும் பள்ளி மாணவர்களுக்கும் உதவும் என்று இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு, முதல் நாளே வரைய உட்கார்ந்தது. நடுவில் முற்றம், சுற்றிலும் நான்கு கட்டடம், ஒரு பக்கம் மைதானம். பார்க்க அழகாகவே இருந்தது. ஆனால் அடுத்த இரண்டு வாரமும் அந்தப் படத்தைக் காப்பாற்றுவதிலேயே போய்விட்டது. யாராவது ஒரு குறை சொன்னால் பதில் தேடினோமே தவிர, படத்தை மாற்ற மனம் வரவில்லை. கோடு போட்டுவிட்டால் அதன் மேல் பாசம் வந்துவிடுகிறது. அப்புறம் எதைப் பார்த்தாலும் அந்தப் படத்துக்குச் சாதகமாகத்தான் கண்ணில் படும். அதனால் முதல் இரண்டு வாரம் பிடிவாதமாக வரையாமல் இருங்கள். மூன்றாவது வாரம் நாங்கள் அந்தத் தாளைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

முறையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் வடிவமைப்புப் பள்ளியான டி.ஸ்கூல் இதை ஐந்து கட்டங்களாகச் சொல்லிக்கொடுக்கிறது: பயன்படுத்துபவரின் இடத்தில் நின்று பார்த்தல், சிக்கலை வரையறுத்தல், யோசனைகளைப் பெருக்குதல், மாதிரி செய்தல், சோதித்தல். பிரிட்டனின் டிசைன் கவுன்சில் அதே பாதையை அடுத்தடுத்து இரண்டு வைர வடிவங்களாகப் படம் போட்டுக் காட்டுகிறது. விரிந்து குவிந்து, மறுபடி விரிந்து மறுபடி குவிவது. எங்களுக்கு இந்தப் படம்தான் கைகொடுத்தது. குழுவில் வந்த பாதிச் சண்டைக்குக் காரணம், ஒருவர் புது யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போது இன்னொருவர் முடிவெடுக்கப் பார்த்ததுதான். “இப்போது விரிகிறோமா, குவிகிறோமா?” என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், சத்தம் அடங்கிவிடும்.

சரி, பார்ப்பது எப்படி? நடந்துகொண்டிருக்கும் ஒரு பள்ளியில் தலைமையாசிரியரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு நான்கு நாள் உட்கார்ந்தோம். சுற்றிச் சுற்றி வராமல், ஆளுக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எத்தனை பேர், எங்கே, என்ன செய்கிறார்கள் என்று குறித்தோம். முதல் நாள் சலிப்பாகத்தான் இருக்கும். இரண்டாம் நாளிலிருந்துதான் இடம் பேச ஆரம்பிக்கும்.

பிள்ளைகளிடம் “உனக்கு என்ன வேண்டும்?” என்று கேட்காதீர்கள். நாங்கள் கேட்டோம். நீச்சல் குளம், லிஃப்ட், பெரிய மைதானம் என்று பட்டியல் வந்தது, அதிலிருந்து எங்களுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. “நேற்று இடைவேளையில் என்ன செய்தாய்? யாரோடு? எங்கே நின்றாய்?” என்று கேட்டபோதுதான் கதை வந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு அலிசன் கிளார்க், பீட்டர் மாஸ் இருவரும் உருவாக்கிய மொசைக் அணுகுமுறை நல்ல வழி. பிள்ளைகளே கேமராவில் தங்களுக்கு முக்கியமான இடங்களைப் படம் எடுப்பார்கள், நம்மைக் கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டுவார்கள், வரைந்தும் காட்டுவார்கள். பெற்றோர் சம்மதம் வாங்கிக்கொண்டு பத்துப் பேரிடம் கேமராவைக் கொடுத்தோம். கலையரங்கத்தை ஒருவர்கூட எடுக்கவில்லை. மாடிப்படிக்குக் கீழே இருந்த முக்கோண மூலை ஆறு பேர் படத்தில் இருந்தது.

அந்த மூலையைப் போய்ப் பார்த்தேன். ஒரு சிறுமி சுவரில் முதுகைச் சாய்த்து, முழங்காலில் புத்தகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். படிக்கவில்லை, மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் இங்கே என்று கேட்டதற்கு, “இங்க இருந்தா எல்லாரையும் பாக்கலாம். என்னை யாரும் வா வான்னு கூப்பிட மாட்டாங்க” என்றாள். எங்கள் முதல் படத்தில் மாடிப்படிக்குக் கீழே துடைப்ப அறை வைத்திருந்தோம்.

மாணவர்களோடும் ஆசிரியர்களோடும் நிறுத்திவிடாதீர்கள். துப்புரவுப் பணியாளர், காவலாளி, மதியம் பிள்ளையை அழைத்துப்போக வெயிலில் நிற்கும் பாட்டி, எல்லாரிடமும் பேசுங்கள். கட்டடத்தின் குறைகள் தினமும் அதைக் கழுவுகிறவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இனி வருவதுதான் என் கணக்கில் மிக முக்கியமான கட்டம். பலரும் இதை ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். சிக்கலை வரையறுப்பது. “இன்னும் அதிகத் திறந்தவெளி வேண்டும்” என்று நாங்கள் முதலில் எழுதிய வாக்கியத்தில் சிக்கலே இல்லை. அது ஏற்கெனவே ஒரு தீர்வு. யாருக்கு, என்ன தேவை, ஏன் என்ற மூன்றும் வாக்கியத்தில் இருக்க வேண்டும். ஒரு வாரம் எழுதி எழுதி அடித்தபின் வந்தது இது: “இடைவேளையில் ஓடியாடாத பிள்ளைகளுக்கு, கூட்டத்திலிருந்து விலகியும் கூட்டம் கண்ணில் படும்படியும் உட்கார இடம் வேண்டும். தனியாக இருப்பதும் ஒதுக்கப்படுவதும் அவர்களுக்கு ஒன்றல்ல.” இந்த வாக்கியம் கிடைத்த பிறகு வளாகத்தின் பாதி தானாகவே முடிவானது.

இன்னொரு சிக்கலுக்கு, டொயோட்டாவில் தாய்ச்சி ஓனோ பழக்கப்படுத்திய ‘ஐந்து ஏன்’ முறையைப் பயன்படுத்தினோம். இடைவேளை முடிந்து பிள்ளைகள் தாமதமாக வகுப்புக்கு வருகிறார்கள் என்பது ஆசிரியர்களின் குறை. ஏன்? தண்ணீர்க் குழாயில் வரிசை. ஏன் வரிசை? குழாய்கள் எல்லாம் ஒரே கோடியில் இருக்கின்றன. ஏன் ஒரே கோடியில்? கழிப்பறைக்குப் போகும் குழாய்த்தடத்தோடு சேர்த்துப் போட்டிருக்கிறார்கள். ஏன்? செலவு குறையும் என்று திட்டமிட்டவர் நினைத்திருக்கலாம். நான்காவது ஏன்-லேயே விடை வந்துவிட்டது, ஐந்து என்பது கட்டாயமில்லை. ஒழுங்கீனம் என்று எல்லாரும் நினைத்தது குழாய் இருக்கும் இடத்தைப் பற்றிய சிக்கல். எங்கள் திட்டத்தில் குடிநீரை மூன்று இடங்களாகப் பிரித்தோம்.

யோசனைகளைப் பெருக்கும் கட்டத்தைப் பற்றி ஒன்றுதான் சொல்ல வேண்டும். அலெக்ஸ் ஆஸ்போர்ன் வகுத்த மூளைப்புயல் (brainstorming) விதிகளில் முதன்மையானது, தீர்ப்பைத் தள்ளிவைப்பது. எங்கள் குழுவில் உரக்கப் பேசும் இருவரின் யோசனைகளே சுவரை நிறைத்தன. அதனால் முதல் பத்து நிமிடம் யாரும் பேசாமல் ஒட்டுச்சீட்டில் எழுதுவது, பிறகு படித்துக் காட்டுவது என்று மாற்றினோம். நல்ல யோசனைகள் அதிகம் பேசாதவர்களிடமிருந்து வந்தன.

மாதிரி செய்யும்போது ஒட்டாதீர்கள். அட்டையில் 1:200 அளவில், அதாவது உண்மை அளவில் இருநூறில் ஒரு பங்காக, கட்டடங்களை வெட்டி, வெறுமனே அடுக்கி வையுங்கள். வழவழவென்று முடித்த மாதிரியைக் கொண்டுபோனால் எல்லாரும் “நன்றாக இருக்கிறது” என்று சொல்லிவிட்டுப் போவார்கள், கைவைக்க மாட்டார்கள். கரடுமுரடாக இருந்தால் பிள்ளைகள் எடுத்து நகர்த்துவார்கள். அந்த நகர்த்தலைத்தான் நீங்கள் தேடிப் போயிருக்கிறீர்கள். ஒவ்வொரு நகர்த்தலுக்கும் மேலிருந்து ஒரு படம் எடுத்து வையுங்கள்.

அதைவிட எங்களுக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது சுண்ணாம்புக்கட்டி. தாழ்வாரத்தை 1.8 மீட்டர் அகலம் என்று வரைந்திருந்தோம். கல்லூரித் திடலில் அதே அளவில் கோடு கிழித்து, முதுகில் பையோடு முப்பது நண்பர்களை எதிரெதிராக நடக்க விட்டோம். நடுவில் சிக்கலே இல்லை. வகுப்பறைக் கதவு இருப்பதாகக் குறித்த இடத்தில்தான் கும்பல் சேர்ந்து அடைத்துக்கொண்டது. அதனால் தாழ்வாரம் முழுவதையும் அகலப்படுத்தாமல், ஒவ்வொரு கதவுக்கு முன்னும் சுவரை உள்ளே தள்ளி ஒரு மாடம் போல இடம் விட்டோம். அதில் ஒரு திண்ணை. கும்பலுக்காகச் செய்த அந்த மாடம், மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த சிறுமிக்கான இடமாகவும் ஆனது. இரண்டு சிக்கல்களும் ஒரே இடத்தில் வந்து சேரும் என்று தாளில் எங்களுக்குத் தோன்றவே இல்லை.

சாய்வுதளத்தையும் இப்படித்தான் பிடித்தோம். 1:200 தாளில் 1.5 சென்டிமீட்டர் நீளத்துக்கு, அதாவது மூன்று மீட்டருக்கு வரைந்திருந்தோம். கண்ணுக்குச் சரியாகவே பட்டது. ஆனால் தரைத்தளம் 60 சென்டிமீட்டர் உயரம். சக்கர நாற்காலிக்கு 1:12 சரிவு, அதாவது ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம், வேண்டுமென்றால் 7.2 மீட்டர் நீளம் தேவை, மேலும் கீழும் 1.5 மீட்டர் சமதளம் தனி. கயிறு கட்டித் தரையில் பார்த்தபோது அது நேராக முற்றத்துக்குள் போய் நின்றது. சாய்வுதளத்தைக் கடைசியில் ஒட்டவைக்க முடியாது. நுழைவாயிலை யோசிக்கும்போதே அதையும் யோசியுங்கள்.

ஓர் எச்சரிக்கை. மனிதர்களைக் கேட்டால் எல்லாம் தெரிந்துவிடும் என்ற மயக்கம் இந்த முறையில் வரக்கூடும். வெயிலும் காற்றும் நேர்காணலுக்கு வராது. எந்தச் சுவரில் மாலை வெயில் அடிக்கிறது, மழைநீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மைதானச் சத்தம் எந்த வகுப்பறை வரை வருகிறது என்பதையெல்லாம் தனியாக உட்கார்ந்து அளந்துதான் ஆக வேண்டும். தீப் பாதுகாப்பு விதிகளும் அப்படியே. எங்கள் குழுவில் இருவரை முழுக்க இதற்கே ஒதுக்கியது நல்லதாகப் போயிற்று.

முன்மாதிரிகளைப் பாருங்கள், ஆனால் வடிவத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். டோக்கியோவின் தச்சிகாவாவில் தெசுகா தம்பதியர் வடிவமைத்து 2007இல் முடிந்த ஃபூஜி மழலையர் பள்ளி நீள்வட்டமாக இருக்கும். அதன் கூரைமேல் பிள்ளைகள் ஓடிக்கொண்டே இருப்பார்கள். அங்கே ஏற்கெனவே நின்ற மரங்கள் கூரையைத் துளைத்துக்கொண்டு மேலே வளர்ந்திருக்கும். எங்கள் வகுப்பில் மூன்று குழுக்கள் நீள்வட்டம் போட்டன. பிள்ளைகள் வட்டமாக ஓட விரும்புகிறார்கள், அந்த ஓட்டத்துக்கு முடிவே இருக்கக்கூடாது என்ற கவனிப்பிலிருந்துதான் அந்தக் கூரைக்கு அர்த்தம் வருகிறது. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்தக் கவனிப்பை.

சோதிக்கும்போது நீங்கள் வாயைத் திறக்கக்கூடாது. இது கஷ்டம். மாதிரியை மேசையில் வைத்து, “காலையில் வாசலுக்கு வந்துவிட்டாய், விரலால் நடந்து காட்டு” என்று மட்டும் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறது, எங்கே குறுக்கே போகிறது என்று ஒருவர் பார்க்க, ஒருவர் எழுத வேண்டும். நாங்கள் வளைத்து வளைத்துப் போட்டிருந்த நடைபாதையை ஒரு விரல்கூட மதிக்கவில்லை. எல்லாம் புல்வெளியைக் குறுக்காக வெட்டிப் போயின. அந்தக் குறுக்குவழியையே நடைபாதையாக்கினோம்.

ஜூரிக்கு, அதாவது எங்கள் திட்டத்தை மதிப்பிடும் இறுதி அமர்வுக்கு, நான்கு நாள் இருக்கும்போது அந்தச் சிறுமியிடமும் மாதிரியைக் காட்டினோம். அவள் விரலால் நடக்கவில்லை. குனிந்து, ஒரு கண்ணை மூடி, மாடத்துத் திண்ணையின் உயரத்துக்கு மற்றொரு கண்ணைக் கொண்டுவந்து பார்த்தாள். “தூண் மறைக்குதே” என்றாள். ஆறு பேரும் மாறி மாறிக் குனிந்து பார்த்தோம். ஆமாம், மைதானத்தின் பாதி தெரியவில்லை. தூணை நகர்த்த நேரமில்லை, திண்ணையை மாடத்தின் மறுபக்கச் சுவருக்கு மாற்றினோம். அந்தத் திருத்தத்தை மட்டும் பென்சிலிலேயே விட்டு, பக்கத்தில் தேதியும் போட்டுச் சமர்ப்பித்தோம். ஜூரியில் கேட்ட முதல் கேள்வியே அந்தப் பென்சில் கோட்டைப் பற்றித்தான்.