பெயர் சொல்லாத அடக்க ஆராதனை

“ஆண்டவருக்குத் தெரியும் அம்மா” என்று நான் சொல்லியிருக்கக் கூடாது. காசிமேட்டுக் கல்லறை வாசலில், அங்கியைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தபோது, இறந்தவரைப் பல ஆண்டுகளாகத் தம் மகளாக வைத்துக் காப்பாற்றிய மூத்த திருநங்கை என்னிடம் வந்து, “‘உன்னைப் பேர்சொல்லி அழைத்தேன்’னு படிச்சீங்களே பாஸ்டர், எங்க புள்ள பேர நீங்க ஒரு வாட்டிகூடச் சொல்லலியே” என்றார். அதற்குத்தான் அந்தப் பதில். அவர் கோபப்படவில்லை. “ஆண்டவருக்குத் தெரியும், சரி. நின்னுட்டிருந்த எங்களுக்குக் காதுல விழணும்ல” என்று சொல்லிவிட்டுக் காத்திருந்த ஆட்டோவில் ஏறிக்கொண்டார்.

ஏசாயா 43:1 நானே தேர்ந்தெடுத்த வசனம். முந்தின இரவு அதைக் குறித்து வைத்தபோதும், குழிக்கரையில் நின்று உரக்கப் படித்தபோதும், அதிலுள்ள ‘பேர்’ என்ற சொல் என்னை உறுத்தவே இல்லை.

அடக்க ஆராதனை முறைமையில் ‘நமது சகோதரன்’, ‘நமது சகோதரி’ என்று இரண்டும் இருக்கும். பொருந்தாததை ஆயர் விட்டுவிட்டுப் படிக்க வேண்டும். இருபத்திரண்டு ஆண்டு ஊழியத்தில் யோசிக்காமல் செய்துவந்த அந்தக் காரியத்தை அன்று யோசித்து, இரண்டையுமே விட்டேன். ‘அன்பான இந்த ஆத்துமா’ என்றேன். மற்ற இடங்களில் ‘அவர்’ என்றேன். அவன் என்றும் சொல்லாமல் அவள் என்றும் சொல்லாமல் ‘அவர்’ என்று கடந்துவிடத் தமிழ் இடம் கொடுக்கிறது. கேட்பவர்கள் அதை மரியாதை என்றே எடுத்துக்கொள்வார்கள். மரியாதைதான் என்று நானும் அந்த வாரம் முழுவதும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

இறந்தவரைப் பெற்ற தாயார் கேட்டது வேறு. முந்தின இரவு ஜெபிக்கப் போயிருந்தபோது, ஐஸ்பெட்டியின் மேல் கையை வைத்தபடி அவர், “நான் வச்ச பேரு பாஸ்டர், பழைய பாதிரி ஐயரு தண்ணி தெளிச்சுச் சொன்ன பேரு. அந்தப் பேருலயே அனுப்பிடுங்க” என்றார். “பார்க்கலாம் அம்மா” என்றேன். மறுநாள் அண்ணன்காரர் சுமந்து வந்த மரச்சிலுவையில் அந்தப் பெயர்தான் வெள்ளை எழுத்தில் இருந்தது; கறுப்புப் பெயின்ட் காயாததால் அவருடைய சட்டையின் தோளில் பட்டையாக ஒட்டிக்கொண்டிருந்தது. தெருமுனையிலிருந்து கல்மண்டபம் வரைக்கும் சுவர்களில் இருந்ததோ இன்னொரு பெயர். பட்டுச்சேலையும் மல்லிகைப்பூவுமாகச் சிரிக்கும் படத்தோடு, தோழிகள் அச்சடித்து ஒட்டிய கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். ஊர்வலம் அந்தச் சுவர்களைத் தாண்டித்தான் போனது. சிலுவைக்கு ஒரு பெயர் இருந்தது, சுவருக்கு ஒரு பெயர் இருந்தது. நடுவில் அங்கி போட்டுக்கொண்டு நடந்த என்னிடம் எந்தப் பெயரும் இல்லை.

அறியாமை என்று சாக்குச் சொல்லவும் எனக்கு வழியில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் இதே ஆலயத்தில் ஏசாயா 56ஐ எடுத்துப் பிரசங்கித்தவன் நான். ‘அண்ணகனும்: இதோ, நான் பட்டமரமென்று சொல்லானாக’ என்று, ஆண்மை நீக்கப்பட்டவனாகிய அண்ணகனைத் தேற்றும் வசனத்துக்குப் பின், குமாரருக்கும் குமாரத்திகளுக்கும் உரியதைவிட மேலான இடத்தையும் ‘என்றும் அழியாத நித்திய நாமத்தையும்’ அருளுவேன் என்று கர்த்தர் சொல்லும் பகுதி அது. உபாகமம் 23:1 அப்படிப்பட்டவரைச் சபைக்கு உட்படுத்தலாகாது என்கிறது. ஏசாயா கதவைத் திறக்கிறார். அப்போஸ்தலர் 8இல் பிலிப்பு ஓர் எத்தியோப்பியருக்குத் தாமதமின்றி ஞானஸ்நானமே கொடுத்துவிடுகிறார். கிரேக்க மூலம் அந்த எத்தியோப்பியரை ஐந்து இடங்களில் அண்ணகர் என்றே குறிப்பிடுகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் அவர் வெறும் ‘மந்திரி’. இதைச் சொன்னபோது வாசலில் இரண்டு பேர் என் கையைக் குலுக்கினார்கள். ஆலய நிர்வாகக் குழுவான குருசேகரக் கமிட்டியில் ஒருவர் உபாகமத்தை வாசித்துக் காட்டினார். திருநங்கை ஒருவரோ, தம்மைப் போன்றவர்களை அண்ணகர் என்ற சொல்லுக்குள் அடைப்பதே பிசகு, தாம் குறைபட்ட ஆண் அல்ல, பெண் என்று பிறகு எனக்கு விளக்கினார். அதையும் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். நான் எப்போதுமே நன்றாகக் குறிப்பெடுப்பவன்.

2018 இறுதியில் இங்கிலாந்துத் திருச்சபையின் பேராயர்கள், பாலின மாற்றத்துக்குப் பின் ஞானஸ்நான விசுவாசத்தை மீண்டும் அறிக்கையிடும் ஆராதனைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டார்கள். புதுப் பெயர் பெறுவது வேதத்துக்குப் புதிதல்ல என்பது அங்கே முன்வைக்கப்பட்ட வாதங்களுள் ஒன்று. ஆபிராம் ஆபிரகாம் ஆனார், யாக்கோபு இஸ்ரவேல் ஆனார், சீமோன் பேதுரு ஆனார். 2023இல் வத்திக்கான், திருநங்கையரும் திருநம்பியரும் ஞானஸ்நானம் பெறலாம் என்று கூறியது. பொது இடறல், அதாவது விசுவாசிகளிடையே சலசலப்போ தடுமாற்றமோ, உண்டாகாத பட்சத்தில் என்று ஒரு நிபந்தனையும் வைத்தது. அந்த நிபந்தனையை அன்று படித்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. யாருக்கு இடறல், யாரால் இடறல் என்று ஒரு கூட்டத்தில் காரசாரமாகக் கேட்டேன். காசிமேட்டில் நான் கடைப்பிடித்தது அதே நிபந்தனையைத்தான்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்துச் சேரியில் பிறந்த என் தாத்தா ஞானஸ்நானத்தில் வேதாகமப் பெயர் ஒன்றைப் பெற்றார். ஊர்த்தெருவில் அவர் சாகும்வரை ஒருவரும் அந்தப் பெயரை வாயில் எடுக்கவில்லை. பழைய பெயரோடு ஒரு ‘டா’ சேர்த்துத்தான் கூப்பிட்டார்கள். 1980களில் அரவிந்த் பி. நிர்மல் போன்றவர்கள் தொடங்கிவைத்த தலித் இறையியலைப் பிற்காலத்தில் இறையியல் கல்லூரியில் படித்தபோது, எனக்கு அது பாடமாக இல்லை, தாத்தாவின் கதையாகவே இருந்தது. தானாக ஏற்றுக்கொண்ட பெயரால் அழைக்கப்படாத மனிதருக்கு எது மறுக்கப்படுகிறது என்று அறிய எனக்கு எந்தக் கருத்தரங்கும் தேவையில்லை. ஆனால் அந்தக் குடும்பத்துக்கும் ஞானஸ்நானப் பெயர் என்பது அப்படிப் போராடி வாங்கிய பெயர்தானே என்ற எண்ணமும் கூடவே வருகிறது. அந்தப் பெயரைத் தாயார் பற்றிக்கொண்டிருந்ததை வெறும் பிடிவாதம் என்று என்னால் தள்ள முடியவில்லை.

ஆராதனை நடுவே சச்சரவு வந்திருந்தால் அடக்கமே நின்றுபோயிருக்கும், மாலை ஆறு மணிக்குள் மண் தள்ளியாக வேண்டும், ஒரு தாயின் துக்கத்தை என் கொள்கைக்குப் பலிகொடுக்க எனக்கு உரிமையில்லை. இவற்றைத்தான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். உண்மையில் அன்று ஒருவரும் என்னை மிரட்டவில்லை. அண்ணன்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. கமிட்டிச் செயலர் ஊரிலேயே இல்லை. வராத சச்சரவுக்கு முன்கூட்டியே பணிந்தேன். தாயார் கேட்ட பெயரையும் சொல்லவில்லை என்பதால், அவருக்காக விட்டுக்கொடுத்தேன் என்று சொல்வதும் பொய்யாகிறது.

இரண்டு பெயரையும் சொல்லியிருக்கலாம் என்று சில நாள் தோன்றுகிறது. இன்ன பெயரில் ஞானஸ்நானம் பெற்று, இன்ன பெயரில் வாழ்ந்தவர் என்று. விட்டுவந்த பெயரைக் குழிக்கரையில் கேட்பதே அந்தத் தோழிகளுக்குக் காயம் என்று தெரிந்த பிறகு அதுவும் நிற்கவில்லை. திருநங்கையரின் பாலின அடையாளத்தை அங்கீகரித்த 2014 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின், 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின், ஆதாரிலும் அவருடைய பெயர் ஏறிவிட்டிருந்தது. எந்த அலுவலகக் கவுன்டரிலும் அவரை அந்தப் பெயரால் கூப்பிட்டிருப்பார்கள். இங்கேயும் அந்தப் பெயரை நான் எழுதவில்லை. அனுமதியில்லாமல் எழுதக் கூடாது என்பது நியாயமான காரணம். அன்றும் என்னிடம் நியாயமான காரணங்களே இருந்தன.

சென்ற மாதம் தாயார் ஆலய அலுவலகத்துக்கு வந்தார். வங்கிக் கணக்கு ஒரு பெயரில், குடும்பத்தார் கொடுத்த விவரப்படி வாங்கிய இறப்புச் சான்றிதழ் இன்னொரு பெயரில். “ரெண்டு பேரும் ஒரே ஆளுதான்னு உங்க லெட்டர்பேடுல எழுதிக் குடுங்க பாஸ்டர்” என்று பிளாஸ்டிக் கவரிலிருந்து பாஸ்புக்கை எடுத்து வைத்தார். எழுதினேன். அவர் கண்ணாடியைத் தூக்கிப் பிடித்து, என் கையெழுத்தின்மேல் விரலை ஓட்டி, இரண்டாவது பெயரில் நிறுத்தினார்.

“இங்க ஒரு கால் போடணும் பாஸ்டர். அவ அப்படித்தான் எழுதுவா.”

திருத்தி, முத்திரை வைத்துக் கொடுத்தேன். அடக்கப் பதிவேட்டில் இன்னும் பழைய பெயர்தான் இருக்கிறது. அதை மாற்றக் கமிட்டியின் ஒப்புதல் வேண்டும்.