தேதி தெரிந்த பணம்

ஒரு ஏக்கர் சம்பா நெல்லுக்கு அடியுரம் ஒரு மூட்டை டிஏபி, மேலுரமாகப் பிரித்துப் போட இரண்டரை மூட்டை யூரியா. டிஏபி 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய். யூரியா 45 கிலோ மூட்டை 266 ரூபாய் 50 காசு. மொத்தம் 2,016 ரூபாய் சொச்சம். பொட்டாஷ் தனி. கடைக்காரர் "யூரியா வேணும்னா இதையும் எடுத்துக்கங்க" என்று தலையில் கட்டும் நுண்ணூட்டப் பாக்கெட்டும் தனி.

நிலமுள்ள விவசாயிகளின் கணக்கில் ஒன்றிய அரசு நேரடியாகப் போடும் பி.எம்.கிசான் தவணை 2,000 ரூபாய். ஒரு ஏக்கர் உரத்துக்கென்றே அளந்து வைத்தது போல இருக்கிறது. ஆனால் அந்தப் பணத்தில் அந்த உரத்தை வாங்கும் குடும்பம் குறைவு. தொகை போதாமல் இல்லை, தேதி ஒத்துவரவில்லை.

திட்டப்படி ஏப்ரல்–ஜூலை, ஆகஸ்ட்–நவம்பர், டிசம்பர்–மார்ச் என ஆண்டுக்கு மூன்று தவணை. நான்கு மாத இடைவெளிக்குள் எந்த நாளில் வரும் என்பது பிரதமர் பணத்தை விடுவிக்கும் விழா நடக்கும் நாளைப் பொறுத்தது. 2024இல் அக்டோபர் 5, அடுத்தது 2025 பிப்ரவரி 24, அதற்கடுத்தது ஆகஸ்ட் 2, பிறகு நவம்பர் 19. பிப்ரவரிக்கும் ஆகஸ்டுக்கும் நடுவே ஐந்து மாதத்துக்கு மேல். 2025இல் செப்டம்பர் கடைசியில் நடவு முடித்த டெல்டாக் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிச் சேற்றுழவில் டிஏபி விழுந்தாக வேண்டும். ஆகஸ்டில் வந்த 2,000 அதற்குள் வீட்டுச் செலவில் கரைந்திருக்கும். நவம்பர் 19இல் அடுத்த 2,000 வரும்போது பயிருக்கு ஏறக்குறைய இரண்டு மாதம். அடியுரம் எப்போதோ கடனில் வாங்கிப் போட்டாகிவிட்டது. கடன் விலை வேறு, ரொக்க விலை வேறு என்பது ஒரு பக்கம். பல ஊர்களில் உரக்கடைக்காரரே நெல் வியாபாரியும்கூட. அவரிடம் கடன் வாங்கினால் நெல் யாருக்குப் போகும் என்பது நடவன்றே முடிவாகிவிடுகிறது.

இதற்குப் பக்கத்தில் தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையை வைத்துப் பார்க்கலாம். 2023 செப்டம்பர் 15 அன்று காஞ்சிபுரத்தில் தொடங்கியபோது 1 கோடியே 6 லட்சம் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அப்போதைய தகுதி விதியில் நன்செய் 5 ஏக்கர், புன்செய் 10 ஏக்கர் வரை வைத்திருந்த குடும்பங்களும் அடக்கம் என்பதால் சிறு விவசாயி வீட்டுக்கு இரண்டும் சேர்ந்து வர வழி இருந்தது. ஆண்டுக்கு 12,000-மும் 6,000-மும், ஆக 18,000. பெரிய தொகை இல்லை. ஆனால் ஆயிரத்துக்கு ஒரு தேதி உண்டு. மளிகைக்கடை அண்ணாச்சிக்கு, மகளிர் சுயஉதவிக் குழுத் தலைவிக்கு, வட்டிக்காரருக்கு, எல்லாருக்கும் அது 15 என்று தெரியும். (பண்டிகை வரும் மாதம் சில நாள் முந்திப் போடுவதும் உண்டு. அப்போது அடுத்த 15 வரை இடைவெளி நீளும். அந்த மாதம்தான் கடை நோட்டில் பாக்கி ஏறும்.)

விவசாயக் குடும்பத்தின் வருமானம் மொத்தை மொத்தையாக வரும். நெல் காசு ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ முறை. நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. சொஸைட்டியில் பால் ஊற்றினால் மட்டும் ஒழுங்காகப் பட்டுவாடா நடக்கும், அதுவும் மாடு கறவையில் இருக்கும் வரை. செலவோ தினம். இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள பள்ளத்தில்தான் வட்டி குடியிருக்கிறது.

ஒரு கணக்கு. மூன்று வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் 3 ரூபாய்க்கு, 10,000 வாங்கியிருக்கிறது. மாதம் 1,000 கட்டினால் முதல் மாதம் வட்டி 300 போக அசலில் 700 குறையும். இப்படியே போனால் 12 மாதத்தில் பாக்கி வெறும் 66 ரூபாய். ஐந்து வட்டி என்றால் 14 மாதம் தாண்டும். பத்து வட்டி என்றால்? மாத வட்டியே 1,000. ஆயுசு முழுக்கக் கட்டினாலும் அசல் அசையாது. ஆகவே கையில் பல கடன் இருந்தால் ஆயிரத்தைப் பங்குபோட்டு எல்லாருக்கும் கொஞ்சம் கொடுப்பது வீண். பெரிய வட்டிக் கடனைக் குறைந்த வட்டிக்கு மாற்றுவதுதான் முதல் வேலை. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன், குழுவின் உள்கடன், தவணை தவறாமல் கட்டினால் வட்டி இல்லாத பயிர்க்கடன், இவற்றில் கிடைப்பதை எடுத்து பத்து வட்டியை அடைத்துவிட்டு, மாத ஆயிரத்தை இந்தப் பக்கம் திருப்ப வேண்டும்.

இதில் ஒரு முட்டுக்கட்டை உண்டு. ஊர் வட்டிக்காரர் பெரும்பாலும் அசலைச் சிறுகச் சிறுக வாங்க மாட்டார். "வட்டிய மாசாமாசம் குடு, அசல மொத்தமா குடு" என்பார். வட்டி ஓடிக்கொண்டே இருப்பதுதானே அவர் தொழில். அப்படியானால் வட்டி போக மீதியை அஞ்சலகத்தில் தொடர் வைப்பில் போட்டு வரலாம். மாதம் 100 ரூபாயிலிருந்தே தொடங்க முடியும். வீட்டில் அஞ்சறைப்பெட்டியில் வைத்தால் அது அடுத்த காய்ச்சலுக்குப் போய்விடும். அசலில் பாதி சேர்ந்ததும் மீதிக்குக் குழுவில் எடுத்து ஒரே நாளில் முடித்துவிடலாம். முடித்ததும் கொடுத்த புரோநோட்டைக் கையோடு வாங்கிக் கிழித்துவிட வேண்டும். இதை மறந்தவர்கள் மறுபடி அழுதிருக்கிறார்கள்.

மாதப் பணத்தால் வரும் மாற்றங்களில் கண்ணுக்கு அதிகம் படாதது, காத்திருக்க முடிவது. அரசு கொள்முதல் நிலையத்தில் 2025–26 பருவத்துக்குப் பொது ரக நெல் குவிண்டாலுக்கு 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டைக்குச் சரியாக 1,000. ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே கொட்டிய நெல்லில் ஈரம் அதற்கு மேல்தான் இருக்கும். பகலெல்லாம் காயவைத்து, கிளறி, மாலையில் தார்ப்பாய் மூடி, டோக்கன் வாங்கி வரிசையில் கிடக்க வேண்டும். ஒரு வாரம் ஆகலாம், மழை பிடித்தால் இரண்டு வாரமும் ஆகலாம். வியாபாரி வயலுக்கே லாரியோடு வருவார், ஈரம் பார்க்க மாட்டார், காசு கையில். மூட்டைக்கு 100 ரூபாய் குறைத்துக் கேட்டால்கூட 30 மூட்டையில் 3,000 போச்சு. அதாவது மூன்று மாதத்து உரிமைத் தொகை. ஆனால் வீட்டில் எண்ணெய் இல்லை, குழந்தைக்கு மருந்து இல்லை என்றால் மூவாயிரக் கணக்கு யாருக்கு வேண்டும்? அறுவடை இயந்திர வாடகைக்கு இந்த ஆயிரம் எந்த மூலைக்கு என்று கேட்கலாம், நியாயம்தான். அதற்கு இது காணாது. அடுப்பங்கரையைப் பத்து நாள் ஓட்டிவிடும். அந்தப் பத்து நாளில்தான் நெல் காய்கிறது.

ஆட்டிலும் இதே கதைதான். மானாவாரிப் பகுதியில் ஆடு என்பது நான்கு காலில் நிற்கும் வங்கிக் கணக்கு. ஆனி ஆடியில் கையில் காசில்லாமல் பெட்டையாட்டை ஓட்டிக்கொண்டு சந்தைக்குப் போனால், விற்பவர் முகத்தைப் பார்த்தே விலை சொல்லுவார்கள். பெட்டைக்குச் சினைக்காலம் 150 நாள். அதை விற்றால் அடுத்த ஈற்றும் சேர்ந்தே போகிறது. மாதம் ஆயிரம் வரும் வீட்டில் பெட்டை நிற்கும், கிடாய்க்குட்டி மட்டும் பக்ரீத்துக்கோ தீபாவளிக்கோ போகும். முன்பணக் கூலியும் அப்படித்தான். கார்த்திகையில் முன்பணம் வாங்கிவிட்டால் தை அறுப்பில் பணம் கொடுத்தவர் சொன்ன கூலிக்கு அவர் சொன்ன வயலில் நிற்க வேண்டும். "இப்பெல்லாம் ஆள் கிடைக்கிறதில்ல, ஆயிரம் குடுத்துக் கெடுத்துட்டாங்க" என்று டீக்கடையில் பேசுகிறவர்கள் எந்த ஆளைத் தேடுகிறார்கள் என்றும் கேட்டுப் பார்க்க வேண்டும்.

குடித்து அழித்துவிடுவார்கள் என்ற பேச்சுக்கும் பதில் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 2011–12இல் சேவா என்ற சுயதொழில் பெண்கள் சங்கம் யுனிசெஃப் உதவியுடன் 8 கிராமங்களில் எல்லாருக்கும், நிபந்தனை எதுவும் இல்லாமல், பெரியவர்களுக்கு மாதம் 200, குழந்தைகளுக்கு 100 ரூபாய் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டுக்குப் பின் அதை 300, 150 ஆக்கினார்கள். பணம் தராத 12 கிராமங்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒரு பழங்குடிக் கிராமத்தில் தனியாகவும் நடத்தினார்கள். மதுச் செலவு ஏறவில்லை. ஆடு மாடு கூடியது, விதைக்கும் உரத்துக்கும் செலவிட்டார்கள், பிறர் வயலில் கூலிக்குப் போவது குறைந்து சொந்த நிலத்தில் உழைப்பு கூடியது, பெண் குழந்தைகளின் எடை தேறியது. முக்கியம், பணம் பெரியவர் ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியே வந்தது. வீட்டுத் தலைவர் கையில் மொத்தமாகப் போகவில்லை.

இங்கே கணக்கு மனைவி பெயரில் இருந்தாலும் ஏடிஎம் கார்டு யார் சட்டைப்பையில் என்று பார்க்க வேண்டும். இன்னொன்று நைசாக நடக்கும். முன்பு வாரச் சந்தைக்கு 300 கொடுத்துக்கொண்டிருந்த கணவர், "உனக்குத்தான் ஆயிரம் வருதே" என்று அதை நிறுத்திவிடுவார். வீட்டுக்குள் வந்தது ஆயிரம், அவள் கைக்குக் கூடியது ஒன்றுமில்லை. இதற்கு அரசாணை போட முடியாது. சந்தைச் செலவு பழையபடி, ஆயிரம் இன்ன காரியத்துக்கு என்று முதல் மாதமே பேசி வைத்த வீடுகளில்தான் அது நிற்கிறது.

அதைவிட மோசமானது வாரத்தவணைக் கம்பெனிகள். மாதம் ஒரு வருமானம் நிச்சயம் என்று தெரிந்ததும் "அக்கா, ஆயிரம்தானே வருது, அதுலயே கட்டிடலாம்" என்று 30,000, 40,000 கடனை நீட்டுவார்கள். ஆயிரம் மாதத்துக்கு ஒருமுறை, தவணை வாரத்துக்கு ஒருமுறை. இரண்டாவது வாரமே கைமாற்று தொடங்கிவிடும். அந்தக் கடன் கறவை மாடாகவோ மோட்டாராகவோ மாறாமல் காதுகுத்துக்குப் போயிருந்தால், உரிமைத் தொகை என்பது அடுத்த இரண்டு வருடத்துக்குக் கம்பெனியின் தொகை.

இனி, பணம் வராமல் நிற்பது. பி.எம்.கிசானில் முக்கியமாக மூன்று பூட்டு. இ-கேஒய்சி எனும் ஆதார் அடையாளச் சரிபார்ப்பு, நில ஆவண இணைப்பு, ஆதார்–வங்கி இணைப்பு. தளத்தில் பயனாளி நிலையைப் பார்த்தால் எந்தப் பூட்டு திறக்கவில்லை என்று தெரியும். அதைப் பார்க்காமல் பொத்தாம்பொதுவாக அலுவலகம் அலுவலகமாக அலைவதில் பயனில்லை. நிலம் என்றால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையம், பட்டா நகலுடன். ஆதாரில் இனிஷியல் பின்னால், பட்டாவில் முன்னால் என்ற சின்ன வித்தியாசத்துக்கே நிற்கும். இ-கேஒய்சிக்கு நாற்று நட்டு, களை பறித்துத் தேய்ந்த விரலில் ரேகை விழவில்லை என்றால் திரும்பத் திரும்ப அழுத்த வேண்டாம். ஓடிபியிலும் முடிக்கலாம், செயலியில் முகம் காட்டியும் முடிக்கலாம்.

வங்கி இணைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். மானியப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போகாது, ஆதாரைப் பார்த்துப் போகும். ஒரு ஆதாருக்கு மானியம் வாங்க ஒரே கணக்குதான் இணைந்திருக்கும். கடைசியாக எந்த வங்கியில் ஒப்புதல் கையெழுத்துப் போட்டோமோ அது. நடுவில் வேறு வங்கியில் புதுக் கணக்கு திறந்தபோது படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடித்திருந்தால், பழைய பாஸ்புக்கை வருடக்கணக்கில் என்ட்ரி போட்டாலும் ஒன்றும் ஏறியிருக்காது. பணம் அந்தப் புதுக் கணக்கில் கிடக்கும். மை ஆதார் தளத்தில் ஓடிபி போட்டு உள்ளே போனால் எந்த வங்கி இணைந்திருக்கிறது என்று காட்டும். மாற்ற வேண்டுமானால் வேண்டிய வங்கிக்கு நேரில் போய் ஆதார் இணைப்புப் படிவம் கொடுக்கலாம்.

குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்தம் செய்வது இன்னொன்று. 2023இல் முதல் ஆயிரத்திலேயே சிலருக்கு இது நடந்து, பிடிக்கக் கூடாது என்று அரசு சொல்ல வேண்டி வந்தது. சாதாரண சேமிப்புக் கணக்கை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது. கைரேகை வைத்துப் பணம் எடுக்கும் இடத்தில் "ரேகை விழல, நாளைக்கு வாங்க" என்றால் எஸ்எம்எஸ் வந்ததா என்று பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும். ரேகை விழுந்து, பணம் கழிந்து, கைக்கு மட்டும் வராமல் போகும் சங்கதி ஊருக்கு ஊர் உண்டு.

குத்தகைக்கும் வாரத்துக்கும் (விளைச்சலில் பங்குக்கு) உழுகிறவர்களுக்குப் பி.எம்.கிசானில் இடமில்லை. பட்டா யார் பெயரிலோ அவருக்குத்தான், அவர் சென்னையில் இருந்தாலும். தெலங்கானா 2018இல் ஏக்கர் கணக்கில் கொடுத்த ரைத்து பந்துவிலும் இதே ஓட்டைதான். நிலம் கூடக்கூடப் பணமும் கூடியது, உழுத குத்தகைதாரருக்கு ஒன்றுமில்லை. அதே ஆண்டு கடைசியில் ஒடிசா கொண்டுவந்த காலியா திட்டத்தில் வாரக் குடியானவருக்கும் நிலமற்றவருக்கும் இடம் வைத்தார்கள். சொந்த நிலம் இருந்தும் வெளியே நிற்பவர்களும் உண்டு. கூட்டுப் பட்டாவில் பங்கு பிரிக்காதவர்கள், இறந்துபோன தாத்தா பெயரிலேயே பட்டாவை விட்டுவைத்தவர்கள். 2019 பிப்ரவரி 1க்குப் பிறகு கைமாறிய நிலத்துக்குத் தவணை கிடையாது, வாரிசுரிமையில் வந்திருந்தால் மட்டும் உண்டு. அதனால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பட்டா மாறுதல், தேவைப்பட்டால் உட்பிரிவு என்ற வரிசையில் வேலையைத் தொடங்க வேண்டும். உட்பிரிவுக்கு சர்வேயர் வந்து அளக்க வேண்டியிருக்கும். நாற்றங்கால் விடும் முன், வயல் காய்ந்து வரப்பு தெரியும்போதே மனு கொடுத்துவிட்டால் அளப்பதற்குத் தடை இல்லை.