ஒல்லாந்து மிஸி

ரொறொன்ரோவில், முதியோர் சிகிச்சைப் பிரிவொன்றில் எனக்கு வேலை பழக்கிய தலைமைத் தாதி, தொண்ணூறு வயதைத் தாண்டிய நிலையில் கடந்த மாரியில் காலமானார். ஆம்ஸ்ரர்டாமில் பிறந்தவர். போருக்குப் பின் குடியிருக்க வீடே கிடைக்காதிருந்த தம் நாட்டைவிட்டு, 1950களில் கப்பலேறி ஹலிபாக்ஸ் துறைமுகத்தின் 21ஆம் இறங்குதுறையில் வந்திறங்கிய பல்லாயிரம் ஒல்லாந்தரில் அவரும் ஒருவர். அங்கே தாதியாகப் பயின்றிருந்தும், இங்கே ஆங்கிலத்தில் மறுபடி பரீட்சை எழுதித்தான் பதிவு பெற்றார். எண்பதுகளின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து உதவியாளர்களாகச் சேர்ந்த நாங்கள், தாதியரை மிஸி என்றழைக்கும் ஊர்ப் பழக்கத்தில் எங்களுக்குள் அவரையும் அப்படியே சொல்லிக்கொள்வோம்.

அவரிடம் நான் கற்றவற்றுள் முதன்மையானது, நோயாளிக்குச் சாப்பாடு கொடுக்கும் முறை. நின்றுகொண்டு ஊட்டுவதை அவர் ஒருபோதும் அனுமதித்ததில்லை. நோயாளியை நிமிர்த்தி இருத்தி, கதிரையை இழுத்துப்போட்டு அவருடைய கண்மட்டத்தில் அமர்ந்து, மோவாய் சற்றே தாழ்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கரண்டியைக் கையில் எடுப்பார். அதில் பாதிக்குமேல் உணவு இராது. தொண்டை மேலெழுந்து இறங்குவதைக் கண்ணால் கண்ட பின்னரே அடுத்த வாய். பக்கவாதம் வந்தவரானால், உணர்ச்சியற்ற கன்னத்துக்குள் உணவு தங்கியிருக்கிறதா என்று முடிவில் பார்ப்பார். உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நியூமோனியா வந்துவிடக் கூடாதென்று, சாப்பிட்ட கையோடு படுக்கவைக்கவும் விடமாட்டார். "சாப்பிட மறுத்தார்" என்று யாரேனும் குறிப்பெழுதி வைத்திருந்தால், எத்தனை மணிக்கு, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு நேரம் பக்கத்தில் இருந்தீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். தொடாத தட்டு சமையலறைக்குத் திரும்பிப் போவதை அவரால் பொறுக்க முடியாது.

அதற்கான காரணத்தை ஓர் இரவுப் பணியின்போது சொன்னார். 1944 செப்ரெம்பரில், நேச நாட்டுப் படைகளுக்குத் துணையாக, நாட்டை ஜேர்மனி ஆக்கிரமித்திருந்ததால் லண்டனில் இயங்கிய ஒல்லாந்து அரசு ரயில் தொழிலாளரை வேலைநிறுத்தம் செய்யும்படி கேட்டது. அதற்குப் பழிவாங்க ஜேர்மானியர் மேற்கு மாகாணங்களுக்கு உணவு செல்வதைத் தடுத்தனர். தடை தளர்ந்த பின்னரும், கால்வாய்கள் உறைந்துபோனதால் படகுகள் ஓடவில்லை. பங்கீட்டில் ஒருவருக்குக் கிடைத்த உணவு, 1945 பெப்ரவரி முடிவில் நாளொன்றுக்கு 600 கலோரிக்கும் கீழே போனது. ருலிப் பூச்செடியின் கிழங்கையும் சீனி எடுக்கும் பீற்றூட்டையும் அவித்துத் தின்று, சுமார் 20,000 பேரைப் பறிகொடுத்த அந்த மாரியில் அவர் பள்ளிச் சிறுமி. நெடுநாள் பட்டினி கிடந்த உடலுக்கு ஒரேயடியாக உணவு கொடுத்தால், இரத்தத்தில் பொஸ்பேற்று சரிந்து இதயமே நின்றுவிடக்கூடும் என்பது தாதியர் பாடத்தில் உள்ளது. பாடம் படிப்பதற்கு வெகுமுன்பே, சிறிது சிறிதாகத்தான் கொடுக்க வேண்டும் என்பதைத் தம் தாயின் கையால் அறிந்தவர் அவர். பொருளாதாரத் தடை எங்கள் ஊரையும் நெரித்துக்கொண்டிருந்த காலத்தில் இதைக் கேட்டதால், எனக்கு மேற்கொண்டு விளக்கம் தேவைப்படவில்லை.

கடைசி ஆண்டுகளில் மறதிநோய் அவருடைய ஆங்கிலத்தை முதலில் கொண்டுபோயிற்று. தாய்மொழி மட்டும் எஞ்சியது. பின்னாளில் கற்ற மொழி முன்னதாக நழுவுவதை எங்கள் முதியவர்களிடமும் கண்டிருக்கிறேன். அவரைப் பராமரித்த இல்லத்தில் பணிபுரிந்த தமிழ்ப் பிள்ளைகள் இருவர், தண்ணீர், வலி, போதும் என்பவற்றுக்கான ஒல்லாந்துச் சொற்களை அவருடைய மகளிடம் கேட்டு, தமிழ் எழுத்தில் எழுதி அடையாள அட்டையின் பின்புறம் செருகி வைத்திருந்தார்கள். ஊட்டும்போது கதிரையில் அமர்ந்துதான் ஊட்டினார்கள். அது எனக்குப் பெரும் ஆறுதலாக இருந்தது.

ஒன்ராறியோவின் 2021ஆம் ஆண்டுச் சட்டம், நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களில் உள்ளோருக்குச் சராசரியாக நாளொன்றுக்கு நான்கு மணி நேர நேரடிப் பராமரிப்பை இலக்காக வைத்தது. குளிப்பாட்டலும் உடைமாற்றலும் மருந்தும் போக, அதில் ஊட்டுவதற்கு மிஞ்சுவது மிகக் குறைவு. புதிதாக வருபவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் நான், தானே சாப்பிட முடியாத ஒருவருக்கு வேளைக்கு அரைமணி நேரமாவது ஒதுக்கும்படி மேலாளர்களிடம் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.