பச்சை மாமரத்தில கிண்ணம் கடைஞ்சு பாத்தது – ஜூனில இருந்து ஒக்டோபர் வரைக்கும்

ஜூன் முதல் கிழமை அடிச்ச காத்தில பக்கத்து ஒழுங்கையில நிண்ட மாமரத்தின்ட அடிக்கிளை ஒண்டு முறிஞ்சு மதிலுக்கு மேல விழுந்திட்டு. கொழும்பு வெள்ளவத்தையில ஒரு மரம் விழுந்தா முதல் வாறது வேடிக்கை பாக்கிற ஆக்கள், பிறகு வாள்காரர், கடைசியா நான். அந்த வீட்டு அங்கிளிட்ட கேட்டு ஒரு பெரிய துண்டும் ரெண்டு சின்னத் துண்டும் எடுத்தன், ஓட்டோக்காரர் சீட்டில ஏத்தவே மாட்டன் எண்டு நிண்டு பிறகு கார்ட்போட் விரிச்சுத்தான் ஏத்தினவர். பெரிய துண்டு 32 சென்ரிமீற்றர் அகலம், 28 கிலோ. அதில அரைவாசிக்குக் கிட்ட வெறும் தண்ணி எண்டு அப்ப எனக்குத் தெரியாது.

பலா கிடைச்சா நல்லா இருந்திருக்கும், மஞ்சள் மரம், மிருதங்கக் கட்டையே அதில செய்யிறவை. ஆனா இங்க பலாமரம் வெட்டுறதெண்டா அனுமதி எடுக்கோணும், அந்த அலைச்சல் நமக்கு வேண்டாம் எண்டு விட்டிட்டன். மா காணும்.

பிளட்டில லேத், அதுதான் மரத்தைச் சுழல விட்டுக் கடையிற மெஷின், வைக்க வழியில்லை, கீழ்வீட்டு ஆக்கள் மிக்சி சத்தத்துக்கே வந்து கதவைத் தட்டுவினம். மொறட்டுவையில கதிரைக் கால், கட்டில் கால் கடையிற ஒரு தச்சுப் பாஸைத் தெரியும், சனிக்கிழமை பின்னேரம் அவற்றை மெஷினைத் தருவார், மணித்தியாலத்துக்கு இவ்வளவு எண்டு கணக்கு. முதல் நாள் நான் ஈர மரத்தோட போய் நிண்டதைப் பாத்திட்டு, "மல்லி (தம்பி), முதல்ல இதைக் காய விட்டிட்டு வாங்க, ஒரு வருசம் கழிச்சு" எண்டு சிரிச்சார். கால் கடையிறதுக்கு அவர் சொன்னது சரிதான். கிண்ணத்துக்கு மட்டும் கதை வேற: பச்சையா இருக்கேக்கயே சுவரைத் தடிப்பா விட்டுக் கடைஞ்சு, காய விட்டு, கோணினதுக்குப் பிறகு திருப்பிக் கடைஞ்சு எடுக்கிறது. 15 சென்ரிமீற்றர் தடிப்புக் கட்டையை அப்பிடியே காய விட்டா வருசக்கணக்கு போகும், வெளிப்பக்கம் காய்ஞ்சு சுருங்க உள்ள இன்னும் ஈரமா இருக்கும், அந்த இழுபறியில வெடிச்சிடும். குடைஞ்சு எடுத்திட்டா மெல்லிசா இருக்கிறதால கெதியா காயும்.

பச்சை மரம் கடையிற சுகத்தைச் சொல்லாமல் விட ஏலாது. கிண்ணம் கடையிற கவுஜ் எண்ட குழிவான உளியைப் பிடிச்சு, அதின்ட சாய்வுப் பக்கத்தை மரத்தில தடவினபடி தள்ளினா சீவல் நூடில்ஸ் மாதிரி நீட்டு நீட்டா தோளுக்கு மேலால பறக்கும், தூசியே இல்லை, முகத்தில தண்ணி தெறிக்கும், பச்சை மாங்காய் வெட்டின மணம். பாஸிட்ட கிடந்த பெரிய ரஃபிங் கவுஜை எடுக்கப் போனன், அவரே கையைப் பிடிச்சிட்டார். அது நீட்டுக் கட்டைக்குத்தான், கிண்ணத்தில குறுக்கு நார் வந்து மாட்டினா உளி அடிப்பக்கத்தில முறிஞ்சு பறக்கும். சட்டைக் கையை மடிச்சு விட்டிருந்தன், அடுத்த நாள் மணிக்கட்டு முழுக்கக் கடி. மாம்பால் வாயில பட்டா அவிக்கும் எண்டு சின்ன வயசில இருந்து தெரிஞ்சும் கையுக்கு யோசிக்கேல்லை.

முதல் கிண்ணம் சின்னத் துண்டில. கட்டையின்ட நடு நெஞ்சு, அந்தக் கருமையான புள்ளி, அடியில வாற மாதிரி விட்டிட்டன், பாக்க வடிவா இருந்திச்சு. வீட்டுக்குக் கொண்டு வந்து மேசையில ஃபானுக்குக் கீழ வச்சன், மடத்தனம். இரவு ரெண்டு மணிக்கு அம்மா எழுப்புறா: "மேசையில என்னவோ வெடிக்குது தம்பி." பாத்தா நடுநெஞ்சில இருந்து விளிம்பு வரைக்கும் ஒரு வெடிப்பு, விரல் நகம் உள்ள போகும். மரம் வருசவளையத்தைச் சுத்திச் சுருங்கிற அளவு, நடுவில இருந்து வெளிய போற பக்கம் சுருங்கிறதைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. நெஞ்சு உள்ள இருந்தா சுத்தி இருக்கிற வளையத்துக்குச் சுருங்க இடமில்லை, பிளந்துதான் ஆகோணும். அதுக்குப் பிறகு பெரிய துண்டை நீட்டுப்பாட்டில ரெண்டாப் பிளந்து, நடுவில 3 சென்ரிமீற்றரை எறிஞ்சிட்டுத்தான் தொட்டன்.

அந்த ரெண்டு பாதியில ரெண்டு கிண்ணம். 24 சென்ரிமீற்றர் விட்டம், 9 உயரம், சுவர் 24 மில்லிமீற்றர், விட்டத்தில பத்தில ஒண்டு விடுறதுதான் வழமை. ரெண்டையும் ஷொப்பிங் பேக்கில போட்டு ரயிலில வந்தன், றத்மலானை தாண்டேக்க பேக்கில இருந்து சொட்டுச் சொட்டா ஒழுகுது, பக்கத்தில இருந்த மாமி காலைத் தூக்கி வச்சுக்கொண்டு மீனோ எண்டு கேட்டா.

காய வைக்கிறதிலதான் நான் பட்ட பாடு. வெளிநாட்டு வீடியோவில எல்லாம் கடைஞ்ச சீவலோடயே பேப்பர் பேக்கில போட்டு மூடி வைக்கச் சொல்லுவினம். ஒரு கிண்ணத்தை அப்பிடியே வச்சன். நாலாம் நாள் திறந்தா பழைய சாக்கு நாத்தம், உள்பக்கம் முழுக்க சாம்பல் நிறப் பூஞ்சணம், துடைச்சா போகுது, ஆனா கீழ நீலக்கறுப்பா மரத்துக்குள்ளயே இறங்கிட்டு. குளிர் நாட்டில ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ள காத்தே காய்ஞ்சு கிடக்கும், அங்க பேக் கட்டி வேகத்தைக் குறைக்கோணும். இங்க ஜூன் மாசத்துக் காத்தில துவாயே ரெண்டு நாள் காயாது, அதுக்குள்ள ஈரச் சீவலையும் போட்டு மூடினா பூஞ்சணத்துக்கு விருந்து வச்ச மாதிரித்தான்.

மற்றதுக்கு வேற வழி செய்தன். கிண்ணத்தில நார் வெட்டுப்பட்டு நிக்கிற எதிரெதிர் பக்கம் ரெண்டு இருக்கும், தண்ணி கெதியா போறது அதாலதான், வெடிக்கிறதும் அதிலதான். அந்த ரெண்டு இடத்துக்கு மட்டும் மெழுகு உருக்கிப் பூசினன். 2022இல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் கரண்ட் கட் பண்ணின காலத்தில அம்மா வாங்கிக் குவிச்ச மெழுகுதிரி இன்னும் லாச்சியில கிடந்தது, கடைசியா அதுக்கொரு வேலை. பிறகு காய்ஞ்ச நியூஸ்பேப்பரில சுத்தி, முதல் கிழமை ஒவ்வொரு நாளும் பேப்பரை மாத்தி, ஃபான் படாத அலுமாரிக்கு மேல. பூஞ்சணம் பிடிச்சதையும் துடைச்சு அதே மாதிரி வச்சிட்டன்.

சனிக்கிழமையில கேக் நிறுக்கிற தராசில வச்சுப் பாப்பன். நல்ல கிண்ணம் முதல் நாள் 1,380 கிராம், ஒரு கிழமையில 1,215, மூண்டாம் கிழமை 1,035, எட்டாம் கிழமை 885. பன்னிரண்டாம் கிழமை 862, அதுக்கு அடுத்த கிழமையும் 862, சரி காய்ஞ்சிட்டு எண்டு முடிவெடுத்தன். வட்டமா இருந்தது முட்டை வடிவா போயிட்டு: நார் ஓடுற பக்கம் அதே 240 மில்லிமீற்றர், குறுக்கால 233. மெஷின்ட சக் (கவ்விப் பிடிக்கிற பிடி) பிடிக்கிற அடிக்கட்டையும் கோணிட்டு, அதால வாய்ப்பக்கத்தை ரப்பர் ஒட்டின பலகைத் தட்டில அமத்தி, பின்னால டெயில்ஸ்ரொக்கால, அதுதான் மெஷின்ட மற்ற முனையில இருந்து அமத்துற பகுதி, நெரிச்சுப் பிடிச்சு, அடிக்கட்டையை முதல்ல வட்டமாக்கிட்டுத்தான் திருப்பிப் போட்டன். காய்ஞ்ச மா பச்சை மா மாதிரி இல்லை, உளி கொஞ்சம் மழுங்கினாலும் நாரைப் பிய்ச்சு எடுக்குது, எட்டுத் தரம் தீட்டியிருப்பன். சுவர் 8 மில்லிமீற்றர், எடை 372 கிராம். அம்மா தேங்காயெண்ணெய் பூசச் சொன்னா, அது காய்ஞ்சு இறுகாது, நாள்போக சிக்கு மணம் வரும் எண்டு பயந்து பாமசியில லிக்விட் பரஃபின் வாங்கிப் பூசினன். அதுவும் இறுகாதுதான், ஆனா மணக்காது. பாஸ் கையில வாங்கி விளிம்பில சுண்டிப் பாத்திட்டு ஒண்டும் சொல்லேல்லை, அந்தக் கிழமை மெஷின் காசு மட்டும் வாங்கேல்லை.

அதை அக்காவுக்குக் குடுத்தன். ரெண்டு கிழமையில மெசேஜ்: "உன்ட கிண்ணம் மேசையில ஆடுது." அடி தட்டையா வந்ததெண்டு நானே கண்ணாடியில வச்சுப் பாத்துத்தான் குடுத்தது. அடுத்த ஞாயிறு தராசையும் தூக்கிக்கொண்டு போனன், 353 கிராம். அக்கா வீட்டில இரவு பகலா ஏசி. எங்கட வீட்டுக் காத்தில மரம் 16 சதவீதம் ஈரத்தோட நிண்டிடும், அதுக்குக் கீழ இறங்காது, ஏசி அறையில 10 வரைக்கும் போகும். நான் காய்ஞ்சிட்டு எண்டு சொன்னது எங்கட அலுமாரிக்கு மட்டும்தான்.

பூஞ்சணம் பிடிச்சது இன்னும் திருப்பிக் கடையாமல் கிடக்கு. ஒக்டோபர் மழை தொடங்கினதும் நிறுத்துப் பாத்தன், செப்டெம்பரில இருந்ததை விட 9 கிராம் கூட. இதை இந்த முறை முதல்ல அக்கா வீட்டில ஒரு மாசம் வைக்கப் போறன், பிறகு மொறட்டுவைக்கு. அக்காவிட்ட இன்னும் கேக்கேல்லை.