கொழும்பிலிருந்து கீழக்கரைக்கு: 2020-இல் ஊர் திரும்பிய வழி

கொழும்பில் சொந்தம் இல்லாத குடும்பம் எங்கள் ராமநாதபுரம் கரையில் குறைவு. கீழக்கரை, பெரியபட்டினம், வேதாளை, மண்டபம் என்று எந்த ஊரில் கேட்டாலும் ஒரு சாச்சாவோ மாமாவோ அங்கே கடை வைத்திருப்பார், அல்லது ஒரு காலத்தில் வைத்திருந்திருப்பார். 2020-இல் கொரோனா வந்தபோது நானும் உம்மாவும் கொழும்பில் மாட்டிக்கொண்டோம். கடைசியில் கடற்படைக் கப்பலில்தான் ஊர் வந்து சேர்ந்தோம். எப்படி வந்தோம், என்னென்ன காகிதம் கேட்டார்கள் என்று இன்றும் யாராவது விசாரிக்கிறார்கள். அதனால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி கடைசியில் மதுரையிலிருந்து விமானத்தில் போனோம். உம்மாவின் மூத்த அண்ணன், எங்கள் பெரிய மாமா, சிறுநீரகம் பழுதாகிப் படுக்கையில் இருந்தார். ரத்தினக் கல் வியாபாரத்துக்குப் போன தலைமுறை அவர். அங்கேயே கல்யாணம், அங்கேயே குடியுரிமை, கொழும்பு மாளிகாவத்தையில் வீடு. அண்ணனை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று உம்மா பிடிவாதமாக இருந்தார். அப்போது இலங்கையில் நோய் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஜனவரி 27-இல் சீனாவிலிருந்து வந்த ஒரு பெண்மணிக்குத் தொற்று உறுதியாகி, அவரும் குணமாகி ஊர் திரும்பியிருந்தார். மார்ச் கடைசி வாரத்துக்குத் திரும்பும் டிக்கெட் கையில் இருந்தது.

அப்புறம் எல்லாம் பத்து, பன்னிரண்டு நாளுக்குள் நடந்து முடிந்தது. மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் இதைப் பெருந்தொற்று என்று அறிவித்தது. அந்த வாரத்திலேயே இத்தாலியப் பயணிகளை அழைத்துப்போன ஒரு வழிகாட்டிக்குத் தொற்று என்று கொழும்பில் செய்தி வந்தது. 19-ஆம் தேதி கொழும்பின் கட்டுநாயக்க விமான நிலையம் உள்ளே வருபவர்களுக்கு மூடப்பட்டது. 20-ஆம் தேதி மாலை 6 மணிக்கு நாடு முழுக்க ஊரடங்கு. 22-ஆம் தேதி இந்தியா எல்லாப் பன்னாட்டு விமானங்களையும் நிறுத்தியது. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையில் கடல் 30 கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் எங்களுக்கு அந்த வாரத்தில் லண்டனில் மாட்டியவருக்கும் கொழும்பில் மாட்டியவருக்கும் வித்தியாசம் இல்லாமல் போனது.

முதலில் செய்தது இந்தியத் தூதரகத்தில் பெயர் பதிந்ததுதான். இணையத்தில் ஒரு படிவம்: பாஸ்போர்ட் எண், விசா முடியும் தேதி, இந்தியாவில் எந்த மாவட்டம், என்ன காரணத்தால் தங்க நேர்ந்தது, உடன் இருப்பவர்களுக்கு என்ன நோய். இந்தக் கடைசிக் கேள்விக்குப் பலர் ‘ஒன்றுமில்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். நோயாளி என்று சொன்னால் ஏற்றமாட்டார்கள் என்று ஒரு பயம். நடந்தது நேர்மாறு. வயதானவர்கள், கர்ப்பிணிகள், சிகிச்சை தேவைப்படுபவர்கள், வேலை போனவர்கள் என்றுதான் முன்னுரிமை வகுத்தார்கள். உம்மாவுக்குச் சர்க்கரை இருப்பதையும் இன்சுலின் போடுவதையும் மருத்துவர் சீட்டோடு பதிந்தோம். விசா பற்றிக் கவலைப்பட வேண்டியிருக்கவில்லை. நாட்டில் இருந்த வெளிநாட்டவர் எல்லோருக்கும் இலங்கை அரசே தேதியை நீட்டிக்கொண்டு போனது.

மருந்துதான் பெரிய பாடாக இருந்தது. ராமநாதபுரத்து டாக்டர் எழுதிய சீட்டில் இருந்தவை எல்லாம் இந்தியக் கம்பெனிகள் வைத்த பெயர்கள். கொழும்புக் கடையில் அவற்றில் பாதி தெரியவில்லை. மச்சானுக்குத் தெரிந்த ஒரு டாக்டர் ஒவ்வொன்றுக்கும் மூல மருந்துப் பெயரையும் அளவையும் எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் மருந்துக்கடைக்கு அனுப்பினால் வீட்டு வாசலில் கொண்டுவந்து தந்தார்கள். காய்கறியும் அப்படித்தான், வேனில் தெருத்தெருவாக வரும். ஊரடங்கில் கொழும்பு அந்த அளவுக்கு ஒழுங்காக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். மாவட்டத்தில் தொடர் ஊரடங்கு முடிய மே 26 ஆனது. அதுவரை எங்கள் சந்தில் யாரும் பசியோடு கிடந்ததை நான் பார்க்கவில்லை.

ஏப்ரல் நடுவில் பெரிய மாமா மோசமானார். மூச்சுத் திணறல் என்று ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போன ராத்திரியே மௌத்தாகிவிட்டார். இதை எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். மூச்சுத் திணறலில் இறந்ததால் கொரோனா பரிசோதனை முடிவு வரும்வரை உடலைத் தரமாட்டார்கள். அதற்குச் சில நாள் முன்பு, ஏப்ரல் 11 அன்றுதான், கொரோனாவில் இறந்தவர் யாராக இருந்தாலும் எரிக்கவே வேண்டும் என்று இலங்கையில் அரசிதழ் வந்திருந்தது. அடக்கமும் செய்யலாம், எரிக்கவும் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல் மார்ச்சிலேயே சொல்லியிருந்தது. அடக்கினால் நிலத்தடி நீரில் கிருமி கலக்கும் என்று இலங்கை அரசுத் தரப்பில் காரணம் சொன்னார்கள். அதற்கு அறிவியல் ஆதாரம் யாரும் காட்டவில்லை.

முடிவு வரும்வரை அந்த வீட்டில் யாரும் சத்தமாக அழக்கூட இல்லை. மாமி தொழுகைப் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. உம்மா என்னிடம், “அண்ணன் போனது அல்லாஹ்வோட நாட்டம். நெருப்புல வைக்கிறத நான் எப்படித் தாங்குவேன் வாப்பா?” என்று கேட்டார். என்ன பதில் சொல்ல? கணவனையும் அண்ணனையும் இழந்தவர்கள் அந்த இழப்புக்காக அழ முடியாமல் ஒரு பரிசோதனைச் சீட்டுக்காகக் காத்திருப்பது எவ்வளவு பெரிய கொடுமை என்பதை அன்றுதான் பார்த்தேன். மறுநாள் மதியம் தொற்று இல்லை என்று வந்தது. போலீஸ் அனுமதிச் சீட்டோடு சிலர் மட்டும் போய்க் குப்பியாவத்தை மையவாடியில் அடக்கினோம். பெண்கள் முகம் பார்க்க ஐந்து நிமிஷம் கிடைத்தது. தெருவில் எத்தனையோ பேர் ஜனாஸாவுக்கு வந்திருக்க வேண்டிய மனிதர் அவர்.

ஏப்ரல் கடைசியில் நோன்பு தொடங்கியது. பள்ளிவாசல் மூடியிருந்ததால் தராவீஹ் என்னும் நோன்பு இரவுத் தொழுகை வீட்டு மாடியில்தான். பெருநாள் அன்றும் மறுநாளும் நாடு முழுக்க மறுபடி ஊரடங்கு போட்டார்கள். இதற்கிடையில் இந்தியா 10 டன் மருந்தை விமானத்தில் இலங்கைக்கு அனுப்பியது ஏப்ரல் 7-இல் செய்தியாக வந்திருந்தது. நல்ல காரியம்தான், அக்கம்பக்கத்துச் சிங்களக் குடும்பங்கள்கூட என்னிடம் நன்றி சொன்னார்கள். எங்களைப் போல மாட்டிக்கொண்டவர்களுக்கு வழி பிறந்தது மே மாதம்தான். வெளிநாட்டில் மாட்டியவர்களை அழைத்துவர இந்திய அரசு விட்ட வந்தே பாரத் விமானங்கள் ஒரு பக்கம் ஓடின. ‘சமுத்திர சேது’ என்ற பெயரில் கடற்படை தனியாகக் கப்பல் அனுப்பியது. மாலத்தீவிலிருந்து கொச்சிக்கு ஆட்களை ஏற்றிவந்த ஐஎன்எஸ் ஜலஷ்வா அடுத்து கொழும்புக்கு வரும், தூத்துக்குடியில் இறக்கும் என்று தகவல் வந்தது. தூத்துக்குடி என்று கேட்டதும் உம்மாவின் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே!

ஜூன் 1 அன்று ஏறினோம். துறைமுகத்தில் காய்ச்சல் பார்த்தார்கள், பெட்டிக்கு மருந்து தெளித்தார்கள், அறிகுறி எதுவும் இல்லை என்ற உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். பாஸ்போர்ட், பதிவுச் செய்தி, மருந்துச் சீட்டு மூன்றையும் ஒரே பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கழுத்தில் மாட்டிவிட்டிருந்தேன். அது ரொம்பவும் உதவியது, ஒவ்வொரு மேசையிலும் பையைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. ஜலஷ்வா பயணிகள் கப்பல் அல்ல. அமெரிக்கக் கடற்படையில் ட்ரென்டன் என்ற பெயரில் ஓடி, 2007-இல் இந்தியாவிடம் வந்த போர்க்கப்பல். படைவீரர்களையும் வண்டிகளையும் கரையில் இறக்குவதற்குக் கட்டியது. அதன் வயிற்றில் 680-க்கும் மேற்பட்டோர் ஏறினோம். பெண்களுக்குத் தனி இடம். தலை முதல் கால்வரை மூடிய உடையில் இருந்த ஒரு கடற்படைப் பையன், இன்சுலினைக் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும் என்றதும் வாங்கிப்போய், ராத்திரி ஊசி நேரத்துக்குத் தானே கொண்டுவந்து கொடுத்தான். எந்த ஊர்ப் பிள்ளையோ, முகம்கூடத் தெரியாது. அவனுக்காக உம்மா இன்றும் துஆ கேட்கிறார்.

மறுநாள் காலை தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகம். குடியேற்றச் சோதனை, மருத்துவச் சோதனை, பிறகு மாவட்ட வாரியாகப் பேருந்து. எங்கள் பேருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வேம்பார், சாயல்குடி, ஏர்வாடி என்று வந்து கீழக்கரை முக்குரோட்டைக் கடந்து நிற்காமல் ராமநாதபுரம் போனது. ஊரைத் தொட்டும் இறங்க முடியவில்லை. சட்டம் சரியானது என்று எனக்குத் தெரியும், உம்மாவுக்கும் தெரியும். இருந்தாலும் அந்த இரண்டு நிமிஷம் அவர் என் கையை விடவே இல்லை.

தனிமை முகாமாக ஒரு கட்டடத்தை மாற்றியிருந்தார்கள். சளி மாதிரி எடுத்து, முடிவு வந்த பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். வீட்டுக் கதவில் தனிமைப்படுத்தல் ஸ்டிக்கர். பக்கத்து வீட்டார் சிலர் ஜன்னலை மூடிக்கொண்டார்கள். எதிர்வீட்டு ராத்தா மூன்று வேளையும் சோறு கொண்டுவந்து திண்ணையில் வைத்துவிட்டுப் போவார். மூடியவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. பயத்தில் இருந்தார்கள், யாரும் அவர்களுக்குச் சரியாக விளக்கிச் சொல்லவும் இல்லை.

முகாமில் படுத்திருந்த நாட்களில் எனக்கு மண்டபம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. மண்டபம் கேம்ப் என்று ரயில் நிலையத்துக்கே பெயர் இருக்கிறதே, அது வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கை அரசாங்கம் நம் மண்ணில் நடத்திய தனிமை முகாம். தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கூலிகளை அங்கே சில நாள் தங்கவைத்து, காலரா, அம்மை இருக்கிறதா என்று பார்த்து, தடுப்பூசி போட்டுத்தான் கடல் கடக்க விடுவார்கள். அந்த மனிதர்கள் நடத்தப்பட்ட விதத்தை நான் புகழவில்லை. ஆனால் நோய் வரும், ஆள் போக்குவரத்தும் நடக்கும், இரண்டையும் சேர்த்துத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும் என்று இரண்டு கரையும் அன்று ஒப்புக்கொண்டிருந்தன. 1914-இல் பாம்பன் பாலம் திறந்தபின், ரயிலும் கப்பலும் சேர்ந்த போட் மெயிலில் ஒரே டிக்கெட்டில் கொழும்பு வரை போகலாம். 1964 புயலில் தனுஷ்கோடி போனது. ராமேஸ்வரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980-களில் போரோடு நின்றது. 2020-இல் நாங்கள் மாட்டியபோது இந்தக் கடலைக் கடக்கச் சாதாரண மனிதனுக்கு ஒரு படகுகூட இல்லை.

மனிதருக்கு வழி அடைத்தபின்னும் சரக்கு கள்ளத்தனமாகப் போய்க்கொண்டுதான் இருந்தது. 2019 டிசம்பரிலிருந்து இலங்கை மஞ்சள் இறக்குமதியை நிறுத்தியிருந்தது. கொரோனாவுக்கு மஞ்சள் நல்லது என்று ஆளாளுக்குத் தேட, விலை பல மடங்கு ஏறியது. வேதாளை, மண்டபம் பக்கம் மூட்டை மூட்டையாக மஞ்சள் பிடிபட்ட செய்தியை ஊர் திரும்பியபின் வாரம் தவறாமல் படித்தேன். நம் சமையலறையில் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் பொருள் கடத்தல் பொருளாகிவிட்டது.

எரிப்பு விவகாரம் நாங்கள் வந்த பிறகும் நீண்டது. டிசம்பரில் பிறந்து 20 நாளே ஆன ஒரு குழந்தையையும் எரித்தார்கள். கொழும்பின் பொரளை கனத்தை மயானக் கம்பியில் மக்கள் எதிர்ப்பாக வெள்ளைத் துணி கட்டினார்கள். சிங்களவர்களும் வந்து கட்டினார்கள். உடல்களை மாலத்தீவில் அடக்கலாமா என்றுகூடப் பேச்சு நடந்தது. 2021 பிப்ரவரியில் பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போனார், ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையும் கூடியிருந்தது. அந்த வாரத்தில்தான் அடக்கத்தையும் அனுமதித்து அரசிதழ் மாறியது. மாளிகாவத்தை வீடுகளின் கண்ணீருக்கு அசையாத ஆணை, வெளிநாட்டுக் கணக்குக்கு அசைந்தது. 2024-இல் இலங்கை அமைச்சரவை மன்னிப்புக் கேட்க முடிவு செய்தது. எரிக்கப்பட்டவர்களின் குடும்பங்களுக்கு அது எந்த அளவுக்கு ஆறுதல் என்று என்னால் சொல்ல முடியாது. எங்களுக்கு ஒரு நாள் காத்திருப்போடு முடிந்தது, அவர்களுக்கு முடியவில்லை.

தடுப்பூசியிலும் இரண்டு நாட்டு உறவின் ஏற்ற இறக்கம் தெரிந்தது. 2021 ஜனவரி 28 அன்று இந்தியா 5 லட்சம் கோவிஷீல்டு ஊசிகளை இலங்கைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது. ஏப்ரலில் இங்கே இரண்டாம் அலை அடித்ததும் ஏற்றுமதி நின்றது. முதல் ஊசி போட்டுவிட்டு இரண்டாவதுக்குக் காத்திருந்த லட்சக்கணக்கானவர்களில் எங்கள் மாமியும் ஒருவர். நம் ஊரில் ஆக்சிஜனுக்கு அலைந்த நேரம் அது. யாரைக் குறை சொல்ல?

இலங்கையில் சொந்தம் உள்ளவர்கள் போகும்போது மூல மருந்துப் பெயரோடு டாக்டர் சீட்டும், ஒரு மாதத்துக்குக் கூடுதல் மருந்தும் எடுத்துப்போங்கள். எதுவும் நடக்காத காலத்திலேயே தூதரகத்தின் அவசர எண்ணை எழுதி வையுங்கள். நோயை மறைக்காதீர்கள்.

இதோடு அரசுகளிடம் ஒரு கோரிக்கையும் இருக்கிறது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பல் தொடங்கியது. ராமேஸ்வரம்–தலைமன்னார் வழியையும் மறுபடி திறக்க வேண்டும் என்ற பேச்சு நடக்கிறது. நோய்ப் பரவலைத் தடுக்கும்போது பயணத்தைத் தேவைக்கு மேல் முடக்கக் கூடாது என்று 2005-ஆம் ஆண்டின் சர்வதேச சுகாதார விதிமுறைகளே சொல்கின்றன. இரண்டு நாடும் அவற்றுக்குக் கட்டுப்பட்டவை. எனவே கப்பல் விடும் ஒப்பந்தத்திலேயே தொற்றுக்காலப் பிரிவு ஒன்றை எழுதிவிட வேண்டும். எல்லை மூடினால் எத்தனை நாளுக்குள் முதல் கப்பல், பரிசோதனை எந்தக் கரையில், தனிமை எங்கே, செலவு யாருடையது, அங்கே இறந்தவரின் உடலைக் குடும்பத்தின் மார்க்கப்படி அடக்க யார் பொறுப்பு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். சட்டமன்றத் தொகுதி வாரியாக மனு கொடுக்க எங்கள் தெருவில் பேசிவருகிறோம். பெரியபட்டினம், தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துக்காரர்களும் சேர்ந்தால் நன்றாக இருக்கும்.