வைக்கோலுக்கு விசா கிடைக்கவில்லை

சிட்னியில் நாங்கள் நடத்தும் கலைக்கூடம் ஒரு பழைய கார் பட்டறையின் பாதி. சம்பளத்துக்கு இருப்பது இரண்டே பேர், இருவருக்கும் வாரத்தில் மூன்று நாள் வேலை. அதில் ஒருத்தி நான். ஜப்பானின் நீகாட்டா பகுதியில் உள்ள ஒரு சிறு நகராட்சியோடு சேர்ந்து கலைஞர் பரிமாற்றம் ஒன்றைச் செய்து முடித்தோம். இங்கிருந்து ஒருவர் அங்கே ஆறு வாரம், அங்கிருந்து ஒருவர் இங்கே எட்டு வாரம், கடைசியில் ஒரு கண்காட்சி. அவ்வளவுதான். ஆனால் முடிக்க ஒன்றரை வருடம் ஆனது, அதில் கலையோடு கழிந்தது இரண்டு மாதம் இருந்தால் அதிகம்.

நிதி கேட்கும் விண்ணப்பத்தில் முதல் கேள்வியே இதற்கு முன்னோடிகள் உண்டா என்பது. எழுதினேன். ஆஸ்திரேலியக் கலைஞர் ஸ்டெலார்க் 1970-இல் போய் ஏறக்குறைய இருபது வருடம் ஜப்பானில் வாழ்ந்தது. ஜப்பானியக் கலைஞர் நகாயா ஃபுஜிகோ 1976-இல் சிட்னி பியனாலே என்ற கலைத் திருவிழாவுக்குச் செய்த மூடுபனிச் சிற்பம் இன்று கான்பெரா தேசியக் கலைக்கூடத்தின் தோட்டத்தில் இருப்பது. இன்னொரு ஜப்பானியக் கலைஞர் குசாமா யாயோய் 2002-இல் பிரிஸ்பேனில் குழந்தைகளிடம் ஒரு வெள்ளை அறையைக் கொடுத்து வண்ணப் பொட்டுகளை ஒட்டச் சொன்னது. ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே உங்வாரேயின் ஓவியங்கள் 2008-இல் ஒசாகாவுக்கும் டோக்கியோவுக்கும் போனது. வரிசையாக எழுதிப் பார்த்தால் தார்ச்சாலை போட்டு வைத்திருப்பதுபோல் இருக்கும். அந்தச் சாலை பெரிய மியூசியங்களுக்கு. எங்களுக்கு ஒற்றையடிப் பாதைகூட இல்லை என்பது மூன்றாவது மாதம்தான் தெரிந்தது.

எங்கள் கலைஞர் ஆஸ்திரேலியப் பழங்குடிகளில் விராஜுரி இனத்தவர். நியூ சவுத் வேல்ஸின் நெல் விளையும் ரிவரினா பகுதி அவருடைய முன்னோர் மண். அந்த மண்ணை அறுத்துக்கொண்டு ஓடும் பாசன வாய்க்கால்களைத்தான் பல வருடமாக வரைகிறார். ஜப்பானியக் கலைஞர் வைக்கோலில் பிரி திரித்து அறை நிறையத் தொங்கவிடுபவர். இரண்டும் நெல் நிலம். நீகாட்டாவில் அறுப்பு செப்டம்பரில், ரிவரினாவில் மார்ச் கடைசியில் தொடங்கி மே வரை. செப்டம்பர் அறுப்புக்கு இவர் அங்கே, மார்ச் அறுப்புக்கு அவர் இங்கே. யோசனை அத்தனை அழகாகப் பொருந்தியபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பணத்தில் தொடங்கியது. ஆஸ்திரேலிய நிதியாண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. இரண்டு அறுப்பும் அதற்குள் அடங்கிவிடும். ஜப்பானில் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. அந்த வருடத்துக்கு ஒதுக்கிய பணத்தை அந்த வருடத்துக்குள் செலவழித்து, ரசீதோடு கணக்கை மூட வேண்டும். எங்கள் வயலில் கதிர் முற்றும் நேரத்தில் அவர்கள் கஜானா கதவு சாத்தப்படும். நாங்கள் பதினாறு மின்னஞ்சல் எழுதினோம். பதில்கள் எல்லாம் மரியாதையாக இருந்தன, ஒன்றிலும் 'முடியாது' என்ற சொல் இல்லை. 'சற்றுக் கடினம்' என்று இருந்தது. ஜப்பானியர் ஒருவர் சற்றுக் கடினம் என்று சொன்னால் அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். இது தெரியாமல் நான் இரண்டு மாதம் மாற்று வழிகளை அனுப்பிக்கொண்டே இருந்தேன்.

கடைசியில் செய்தது இது. பட்ஜெட் தாளில் மார்ச் 31-இல் சிவப்புக் கோடு ஒன்று போட்டோம். கோட்டுக்கு இந்தப் பக்கம் உள்ளதெல்லாம் அவர்களுடையது: போகவர விமான டிக்கெட் ஒரே ரசீதில், முதல் பதினொரு நாள் சாப்பாடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் எங்களுடையது. இப்படிப் பார்த்தால் சின்ன விஷயம். நாங்கள் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வியும் இதுதான்: உங்கள் வருடம் எந்தத் தேதியில் முடிகிறது?

அடுத்தது கூலி. இங்கே கலைஞருக்குக் கட்டணம் தனியாகத் தர வேண்டும். காட்சிக் கலைஞர்களின் தேசிய அமைப்பான நாவா வெளியிட்ட நடைமுறை விதிகளை எல்லாரும் பார்த்துக்கொள்வோம். அங்கிருந்து வந்த பட்ஜெட்டில் 'செய்சாகுஹி' என்று ஒரே ஒரு தொகை. தயாரிப்புச் செலவு. பொருள் வாங்க, ஆள் வைக்க, மிஞ்சினால் கலைஞருக்கு. அதாவது நன்றாகச் செய்தால் மிஞ்சாது. இதில் நாங்கள் விட்டுக்கொடுக்கவில்லை. 'ஷாகின்' என்று அவர்களிடம் இன்னொரு தலைப்பு உண்டு, மதிப்பூதியம் மாதிரி. அதைத் தனி வரியாகச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகு, வெளிநாட்டில் வசிப்பவர் என்பதால் அதில் 20.42 சதவீதம் வரி பிடித்தார்கள். அதற்கு நாங்கள் யாருமே பணம் ஒதுக்கியிருக்கவில்லை. இதன் மறுபக்கமும் உண்டு. எங்கள் ஒப்பந்தத்தைப் படித்த ஜப்பானியக் கலைஞர், "நான் உங்களுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?" என்று கேட்டார். டோக்கியோவில் வாடகைக் கூடங்கள் அதிகம். வாரத்துக்கு இவ்வளவு என்று கலைஞரே கட்டித்தான் காட்சி வைப்பார். அவருடைய முதல் ஐந்து கண்காட்சிகளும் அப்படி நடந்தவைதானாம்.

விசா, காப்பீடு எல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் நடந்துவிடும். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜப்பான் பாஸ்போர்ட்காரருக்கு இங்கே சுற்றுலா அனுமதி சுலபமாகக் கிடைக்கும், அதில் வந்து கட்டணம் வாங்கி வேலை செய்யக் கூடாது. 'எட்டு வாரம்தானே' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

இனி வைக்கோல். ஆஸ்திரேலியாவுக்குள் வரும் தாவர, விலங்குப் பொருள் எதையும் பைகான் என்ற அரசு இணையத் தரவுத்தளத்தில் தேடினால், பூச்சியும் நோயும் கூடவே நுழையாமலிருக்க விதித்த நிபந்தனைகள் வரும். நெல் வைக்கோல் என்று தட்டியதும் வந்ததைப் படித்து முடிக்க ஒரு காபி ஆனது. சுங்க முகவர் ஒருவரைப் பிடித்தோம். காமா கதிர் பாய்ச்சிக் கிருமி நீக்கலாம், ஆனால் அனுமதி கிடைப்பது அதிகாரி கையில், செலவு இவ்வளவு என்றார். அந்தத் தொகைக்கு எங்கள் கூடத்தின் மூன்று மாத வாடகையைக் கட்டலாம். மரப்பெட்டிக்கும் விதி உண்டு. வெறும் மரப்பலகையென்றால் அதன் நடுப்பகுதி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் இருந்ததற்கான முத்திரை வேண்டும், ஒட்டுப்பலகைக்கு வேண்டாம். ஆகவே ஜப்பானியக் கலைஞரின் வரைபடங்களும் கொட்டாப்புளியும் ஒட்டுப்பலகைப் பெட்டியில் சுகமாக வந்து சேர்ந்தன. எதற்காக இத்தனையும் செய்தோமோ அந்த வைக்கோல் வரவில்லை.

அந்த வாரம் அம்மாவிடம் போனில் புலம்பினேன். அம்மா திருவாரூரில். "வைக்கப்பிரிக்காடி ஜப்பான்லேருந்து ஆளு வர்றாரு? உங்க தாத்தா திண்ணையில உக்காந்து நாளுக்கு ஒரு கட்டு திரிப்பாரு." அப்புறம் கொஞ்சம் யோசித்து, "அங்க வயல் இல்லையா? அங்கயே அறுத்துக்க வேண்டியதுதானே" என்றாள். ஆறு பேர் உட்கார்ந்த கூட்டத்தில் யாருக்கும் தோன்றவில்லை.

அறுக்கத்தான் போனோம். அதிலும் ஒரு சிக்கல். இங்கே அறுவடை இயந்திரம் கதிரைக் கொய்து தாளைத் துண்டு துண்டாக நறுக்கிப் போட்டுவிடும். பிரிக்கு நீள வைக்கோல் வேண்டும். அதற்குக் கையால் அறுக்க வேண்டும், உயரமான ரகமாகவும் இருக்க வேண்டும். ரிவரினாவில் லீட்டன் பக்கம் கோஷிஹிக்காரி போட்டிருந்த ஒரு விவசாயியைத் தேடிப் பிடித்தோம். நீகாட்டாவுக்குப் பேர் வாங்கிக் கொடுத்த அதே ரகம். வயலின் ஒரு மூலையை இயந்திரம் படாமல் விட்டுத் தர ஒப்புக்கொண்டார். சிட்னியிலிருந்து காரில் ஆறு மணி நேரத்துக்கு மேல். மழையால் அறுப்பு தள்ளி ஏப்ரல் இரண்டாவது வாரம் ஆனது. சிவப்புக் கோட்டை அப்படிப் போட்டதற்கு அன்றைக்குச் சாமி கும்பிட்டேன்.

நான்கு பேர், புது அரிவாள்கள், இரண்டு நாள். என் இடுப்பைப் பற்றிக் கேட்காதீர்கள். அறுத்த தாளைப் பார்த்துவிட்டு ஜப்பானியக் கலைஞர் சொன்னது, இது தன் ஊர் வைக்கோலைவிடக் கொஞ்சம் விறைப்பு, கூடுதலாக அடிக்க வேண்டும் என்பது மட்டும்தான். நனைத்து, கொட்டாப்புளியால் அடித்துப் பதப்படுத்தித்தான் திரிப்பார். சாதாரணக் கயிறு ஒரு பக்கம் முறுக்கு, கோயிலில் கட்டும் ஷிமெனாவா இடப்பக்க முறுக்கு. வேலையில் இரண்டையும் கலந்தார். ஏன் என்று கேட்டதற்கு ஜோ தகாசுகாவின் கதையைச் சொன்னார். ஜப்பானின் மட்சுயாமாவிலிருந்து 1905-இல் மெல்போர்ன் வந்தவர். வெள்ளை ஆஸ்திரேலியக் கொள்கை நடப்பில் இருந்த காலம். விக்டோரியாவில் ஸ்வான் ஹில் அருகே முர்ரே ஆற்றங்கரையில் வெள்ளத்தோடும் வறட்சியோடும் மல்லுக்கட்டி நெல் விளைவித்துக் காட்டினார். ரிவரினாவில் வணிகமாக நெல் போட்டது அதற்கும் பிறகு, 1924-இல். இருபது வருடமாக இந்த நாட்டில் இருக்கும் எனக்கு அந்தப் பெயர் தெரியாது. ஜப்பானியர் ஒருவர் வந்து சொல்ல வேண்டியிருந்தது.

இதற்கு முன் செப்டம்பரில் எங்கள் கலைஞரோடு நானும் பத்து நாள் நீகாட்டா போயிருந்தேன். அங்கேதான் மொழிபெயர்ப்பில் மாட்டினோம். இங்கே எந்தக் கண்காட்சியும் 'இது இன்னார் கன்ட்ரி' என்று நிலத்தின் முதல் மக்களை வணங்கித்தான் தொடங்கும். முன்னோர் மண் என்ற பொருளில் சொல்லும் அந்த 'கன்ட்ரி'யை ஜப்பானியத்தில் எப்படி வைப்பது? 'குனி' என்றால் அரசாங்கம் வந்துவிடுகிறது. 'தொச்சி' என்றால் வீட்டுமனை. 'ஃபுருசாதோ' என்றால் விட்டுவந்த ஊரை நினைத்துக் கண்கலங்குவது. எங்கள் கலைஞர், "நான் விட்டு வரவில்லையே" என்றார். ஆங்கிலச் சொல்லை அப்படியே, வெளிநாட்டுச் சொற்களுக்கான கதாகானா எழுத்தில் எழுதினால் 'கன்ட்ரி' இசையும் 'கன்ட்ரி' பாணி மர நாற்காலியும் ஞாபகம் வரும் என்றார் அங்குள்ள ஒருங்கிணைப்பாளர். ஒரு மாலை முழுவதும் இதே பேச்சு. நான் மனதுக்குள் தமிழில் போட்டுப் பார்த்தேன். நாடு சரிவரவில்லை, நிலமும் சரிவரவில்லை. 'எங்க மண்ணு' என்று ஊரில் சொல்வோமே, அதுதான் பக்கத்தில் வந்தது. அதை ஜப்பானியத்தில் சொல்ல எனக்குத் தெரியாது.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் எங்களை ஆஸ்திரேலியா ஹவுஸுக்கு அழைத்துப் போனார். எச்சிகோ-ட்சுமாரி கலைத் திருவிழாவுக்காக உராடா கிராமத்தில் ஒரு பழைய வீட்டை எடுத்து 2009-இல் திறந்தார்கள். 2011 மார்ச் பூகம்பத்தில் அது இடிந்தது. சிட்னிக் கட்டடக் கலைஞர் ஆண்ட்ரூ பர்ன்ஸ் வடிவமைத்த கறுப்பு மரவீடு 2012-இல் அதே ஊரில் எழுந்தது. பனி வழிந்து விழும்படி செங்குத்தான கூரை. உள்ளே ஆஸ்திரேலியக் கலைஞர் புரூக் ஆண்ட்ரூவின் வேலை. அதன் பெயரில் பாதி விராஜுரி மொழியில் இருக்கிறது: திர்ராய்ன் ஙுராங், மலைவீடு. எங்கள் கலைஞர் அந்தப் பெயர்ப்பலகை முன் வெகுநேரம் நின்றார். திரும்பும் வண்டியில், "மொழிபெயர்க்க வேண்டாம். விராஜுரிச் சொல்லையே ஜப்பானிய எழுத்தில் போடுங்கள், கீழே இரண்டு வரி விளக்கம்" என்றார். அப்படியே அச்சானது. வடிவமைப்பாளருக்கு இடம் பற்றவில்லை, புலம்பினார். சரி, அது அவர் கவலை.

ஏப்ரல் 1 பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். ஒரு வருடமாக எங்களோடு பேசிவந்த நகராட்சி அதிகாரி அன்றோடு தண்ணீர் வழங்கல் பிரிவுக்கு மாற்றலானார். அங்கே அதுதான் வழக்கம், ஏப்ரலில் பலருக்கு இடம் மாறும். புதிதாக வந்தவருக்கு கலைஞர் ஏற்கெனவே ஆஸ்திரேலியாவில் இருப்பதே தெரியவில்லை. நீங்கள் செய்வதானால் மார்ச் தொடக்கத்திலேயே எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, பேர் போடாமல் பதவிக்கு அனுப்பி வையுங்கள்.

கண்காட்சி மே மாதம் மூன்று வாரம் நடந்தது. கூட்டம் வந்தது, வைக்கோல் வாசனை தெருமுனைவரை வந்தது, இரண்டு பேருக்குத் தும்மல் நிற்கவில்லை. முடிந்ததும் பிரிகளைத் திருப்பி அனுப்பவும் வழியில்லை. இங்கிருந்து நெல் வைக்கோல் போனால் ஜப்பானும் உள்ளே விடாது. கலைஞர் கவலைப்படவில்லை. ஷிமெனாவாவே வருடா வருடம் கழற்றி எரிப்பதுதானே என்றார்.

பிறகு அறிக்கைகள். எங்கள் பக்கத்தில் எத்தனை பேர் பார்த்தார்கள், என்ன கற்றீர்கள். அவர்கள் பக்கத்தில் போர்டிங் பாஸின் கிழித்த துண்டு. கலைஞர் திரும்பிப் போனபோது போனைக் காட்டி விமானம் ஏறியிருந்தார், காகிதமே இல்லை. விமான நிறுவனத்திடம் பயணச் சான்றிதழ் வாங்க மூன்று வாரம். கடைசிப் படிவத்தில் ஒரு கட்டம்: படைப்பின் தற்போதைய இருப்பிடம். 'மாரிக்வில், சமுதாயத் தோட்டம், பூண்டுப் பாத்தியில் மூடாக்கு' என்று நிரப்பினேன். புகைப்படம் இணைக்கவும் என்று பதில் வந்தது. சனிக்கிழமை போய் எடுத்து அனுப்பினேன்.